ஈரோட்டு டாக்டரம்மாவும் நான் வாசிக்காத பின்பக்கமும்

காரமடை,
தை 22, 1936

மகாகனம் பொருந்திய சின்னம்மா நாச்சியம்மாள் அவர்களுக்கு, ஏழாம் வகுப்பு தெய்வாத்தாள் பயபக்தியுடன் எழுதிக்கொண்டது. இங்கு ஆடு மாடு முதல் எல்லோரும் சுகம், அம்மாவையும் என்னையும் தவிர. உங்கள் சுகத்தைக் கேட்க வேண்டியதில்லை. அதைத்தான் வாரம் தவறாமல் எழுதுகிறீர்களே.

எல்லோரும் தூங்கியபின் சிம்னி விளக்கைக் குதிருக்குப் பின்னால் மறைத்து வைத்து எழுதுகிறேன். அப்பா பார்த்தால் தோலை உரித்துவிடுவார்.

நீங்கள் தலைப்பிரசவத்துக்கு ஈரோட்டுக்குப் போனதிலிருந்து உங்கள் கடிதங்களை நான்தான் உரக்க வாசிக்கிறேன், இந்த வீட்டில் வேறு யாருக்கு எழுத்துத் தெரியும், டாக்டரம்மா வயிற்றில் குழல் வைத்துப் பார்த்தார், டாக்டரம்மா இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினார், டாக்டரம்மா ஆரஞ்சுப் பழம் தின்னச் சொன்னார் என்று வாசிக்க வாசிக்க எனக்கு வயிறு எரியும். எங்கம்மாவுக்கும் உங்களைப் போல மாசிக் கடைசியில்தான் பிரசவம். கோயமுத்தூரில் லேடி டாக்டர் உண்டாம். அங்கே நமக்குத் தெரிந்தவர் யாருமில்லை. இங்கே மருத்துவச்சி பழனியாத்தாள்தான். சாணி தட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "பயப்படாதீங்க அம்மணி, நூறு கொழந்தைக்கு மேல பார்த்துப்போட்டேனுங்க" என்பாள். அந்த நூறில் எங்கள் தம்பியும் ஒருவன். மூன்றே நாள் இருந்தான்.

போன மாதம் வந்த கடிதத்தில் ஐந்தாவது தடவையாக 'டாக்டரம்மா' என்று வந்ததும், "அவ்வளவுதானுங்க" என்று மடித்துவிட்டேன். பதில் எழுதும்போது அம்மா சொல்லாததையும் சேர்த்தேன்: காரமடைக்கும் ஒரு டாக்டரம்மா வந்துவிட்டார், உங்களவரைவிடப் பெரிய பெட்டி வைத்திருக்கிறார், வாரம் இரண்டு முறை வந்து பார்க்கிறார் என்று. நேற்று பூகோளப் புத்தகத்திலிருந்து உங்களுடைய அந்தக் கடிதம் விழுந்தது. பின்பக்கத்தை அப்போதுதான் பார்த்தேன். 'அக்காளை இங்கே அனுப்புங்கள், டாக்டரம்மாவிடம் சொல்லிவைத்துவிட்டேன், தை பதினைந்துக்குள் சரியென்று எழுதினால் ரயிலடிக்கு வண்டி அனுப்புகிறேன்' என்று இருந்தது. இன்று இருபத்திரண்டு. சாயங்காலம்கூட அம்மா, "வான்னு கூப்பிட நாச்சாளுக்கு நெனப்பே இல்லாமப் போச்சுங்க" என்று அப்பாவிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பாடம் படிப்பதுபோல இருந்துவிட்டேன்.

சின்னம்மா, இங்கே டாக்டரம்மாவே இல்லை. எல்லாம் பொறாமையில் எழுதிய பொய். என்னை எத்தனை அடி வேண்டுமானாலும் அடியுங்கள், அம்மாவை மட்டும் அழைத்துக்கொள்ளுங்கள். ஆனைமலை மாசாணியம்மன் உங்களையும் காப்பாற்றட்டும்; எங்கம்மாவை முதலில்.

இப்படிக்கு,
உங்கள் பொய்க்கார அக்காள் மகள்,
தெய்வாத்தாள்

பின்குறிப்பு: முன்பக்கத்தில் உள்ளதையெல்லாம் மறந்துவிடுங்கள். ரயிலடித் தபால்பெட்டியில் போடலாம் என்று காலையில் போனால், 'டாக்டர் பங்காரம்மா, ஈரோடு' என்று எழுதிய பெட்டியோடும் வயிற்றோடும் உங்கள் டாக்டரம்மாவே ரயிலிலிருந்து இறங்குகிறார்! புதிதாக மாற்றலாகி வந்த ஸ்டேஷன் மாஸ்டர் அவருக்கு அப்பாவாம். அவருக்கும் தலைப்பிரசவம்; பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறார். எட்டுக் கடிதம் எழுதினீர்களே, இதை ஒரு வரி எழுதக்கூடாதா? கெஞ்சிக் கூட்டிவந்தேன்; அம்மாவைக் குழல் வைத்துப் பார்த்துவிட்டார், தை முடியும்வரை மட்டுமல்ல, மாசி முழுக்க இங்கேதான் இருப்பாராம். "உங்களுக்கு யாருங்க பார்ப்பாங்க?" என்று கேட்டேன். "வேற யாரு கண்ணு, இவங்கதான்" என்று பழனியாத்தாளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், நகம் வெட்டச் சொல்லி, சோப்பைக் கையில் கொடுத்தார்.

இப்போது ஈரோட்டில் உங்களுக்குத்தான் யாருமில்லை. வந்துவிடுங்கள், ரயிலடிக்கு வண்டி அனுப்பச் சொல்கிறேன். இங்கே மூன்று தடவை கழுவுகிறார்கள்.