சம்பந்தி அனுப்பிய நான்கு டயர்கள்

எட்மண்ட்ஸ்டன்,
ஜனவரி 23, வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி கயேத்தான் வெலே அவர்களுக்கு,

ஒமேர் தெரியோ பணிவன்புடன் எழுதுவது. இங்கே நானும் ரினெத்தும் நலம். என் வலது தொடை மட்டும் நலமில்லை, காரணம் கீழே வருகிறது. அங்கே சம்பந்தியம்மா உகெத் அம்மாளும், பேத்தி நொயெமியும், உங்கள் பட்டறையில் தூக்கி நிறுத்தியிருக்கும் வண்டிகளும் சௌக்கியமாக இருக்க இறைவன் அருளட்டும். இதை நான் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீங்கள் "ம்" என்பீர்கள். அந்த "ம்"மைத் தாங்குகிற தெம்பு எனக்கு இப்போது இல்லை.

மூன்று வருடமாக ஒவ்வொரு நவம்பரிலும் எனக்குக் குளிர்கால டயர் மாட்டிவிடுவதாகச் சொல்வீர்கள். ஒவ்வொரு நவம்பரிலும் நான் சிரிப்பேன். உங்கள் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்துகொண்டு, "நாப்பது வருஷமா பனியில ஓட்டறவன் சம்பந்தி நான். வெயிலுக்கு ஒண்ணு பனிக்கு ஒண்ணுன்னு மாத்த அது என்ன செருப்பா?" என்று கேட்டேன். அப்போது பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு உங்கள் வீட்டுச் செருப்பைத்தான் போட்டிருந்தேன் என்பதை ரினெத் வீடு திரும்பியபின் எடுத்துச் சொன்னாள். டிசம்பர் முதல் உங்கள் கியூபெக் மாகாணத்தில் குளிர்கால டயர் கட்டாயச் சட்டம் என்று மாப்பிள்ளை யானிக் சொன்னதற்கும், "அது உங்க நம்பர் பிளேட்டுக்கு. எனக்கு நியூ பிரன்ஸ்விக் நம்பர் பிளேட்" என்றேன். பனிக்கு நம்பர் பிளேட் படிக்கத் தெரியாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் மாதா கோயிலில் நொயெமிக்கு ஞானஸ்நானம், பதினோரு மணிக்கு. பேத்திக்கு ஞானத்தந்தையாக நிற்க நீங்களும் ஆசைப்பட்டீர்கள் என்பதும், மிலேன் தன் அப்பனான என்னைத்தான் நிற்கச் சொன்னாள் என்பதும், நான் வராவிட்டால் என் இடத்தில் நீங்கள் நிற்பீர்கள் என்பதும் இரண்டு குடும்பத்துக்கும் தெரியும். ஆகவே அரை மணி நேர வழிக்கு ஒன்பதரைக்கே கிளம்பிவிட்டோம். ரினெத்தின் மடியில் ஒரு பானை ஃப்ரிக்கோ. எங்கள் பக்கத்துக் கோழி உருளைக்கிழங்குக் குழம்பு, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு. பாலத்துக்கு இறங்குகிற சரிவில் அவள் ஆரம்பித்தாள்.

"மெதுவாப் போங்க."

"மெதுவாத்தான் போறேன்."

"அப்புறம் ஏன் மரமெல்லாம் இவ்வளவு வேகமா ஓடுது?"

பிரேக்கை மிதித்தேன். அது என் காலடியில் தடதடவென்று நடுங்கியதே தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன். சக்கரங்கள் இடப்பக்கம் பார்த்தன. வண்டி மட்டும் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல நேரே போய், வலது முன்சக்கரத்தைப் பாலத்தின் சிமெண்டு விளிம்பில் "டங்"கென்று இடித்துவிட்டு நின்றது. பானை மூடி ஒரு பக்கம், பாதி ஃப்ரிக்கோ என் தொடையில், மீதிப் பாதியில் கொஞ்சம் ரினெத்தின் கைப்பைக்குள். அதற்குள்தான் அவளுடைய போன் இருந்தது. என் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

இறங்கிப் பார்த்தால் ரிம் பொரித்த அப்பளம்போல நெளிந்திருக்கிறது. முழங்கால் பனியில் மண்டியிட்டு, விரல் மரத்துப்போய், ஸ்டெப்னியை மாட்டினேன். நீங்களாக இருந்தால் அங்கேயே வண்டியை விட்டிருப்பீர்கள். நான் விடவில்லை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் கால் வட்டம் திருப்பிப் பிடித்தால்தான் வண்டி நேரே போகிறது, அதுவும் நண்டுபோல ஒருக்களித்து, உள்ளே எதுவோ 'கடக் கடக்' என்று பல்லைக் கடிக்க.

"என்னங்க, ரோடு என் பக்கத்து ஜன்னல்ல தெரியுது. ரோடு முன்னாலதானே தெரியணும்?"

"சின்னக் கோணல். வேறொண்ணுமில்ல."

"முப்பத்தெட்டு வருஷமா உங்களைப் பத்தியும் இதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வரேன்."

கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, களைத்த குதிரை காலை மடக்குவதுபோல அந்தச் சக்கரம் உள்பக்கமாக மடங்கிப் படுத்துவிட்டது. மணி பத்து ஐம்பது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டி இல்லை. ரினெத் கிண்டலை நிறுத்திவிட்டாள். அவள் கிண்டலை நிறுத்தினால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம். சம்பந்தி, உங்களிடம் மறைப்பானேன், பெற்ற பெண் ஆசையாகக் கேட்ட ஒரே ஒரு காரியம், அதையும் வீம்பால் கெடுத்துவிட்டேன். நடக்கலாம் என்று பானையைத் தூக்கிக்கொண்டேன்; பத்தடியிலேயே பூட்ஸ் வழுக்க, வண்டிக்கே திரும்பிக் காத்திருந்தோம்.

பதினொன்றே காலுக்குப் பனி தள்ளும் லாரி வந்தது. ஓட்டிவந்த பெண்மணி என் டயர்களை மேலிருந்தே பார்த்தார்.

"என்ன பெரியவரே, டயரு தேய்ச்ச கண்ணாடி மாதிரி இருக்கு? சறுக்கி விளையாடக் கிளம்பினீங்களா?"

"ஞானஸ்நானத்துக்குங்க. நான்தான் ஞானத்தந்தை."

"அட கடவுளே! ஏறுங்க. பானையும் ஏறட்டும்."

எல்லாம் முடிந்திருக்கும், என் இடத்தில் நீங்கள் நின்றிருப்பீர்கள் என்று நினைத்தபடிதான் வந்து இறங்கினேன். ஆனால் வாசலில் என்ன பார்க்கிறேன்? கோட்டு சூட்டோடு நீங்கள் பனியில் மண்டியிட்டு, பங்குச்சாமியின் காருக்குக் கால்பம்பால் காற்றடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில் அவர் அங்கியோடு வெடவெடத்துக்கொண்டு நிற்கிறார்.

மிலேன் என் காதில் சொன்னாள்: "பதினோரு மணிக்கே சாமி ஆரம்பிக்கலாம்னாருப்பா. மாமாதான், 'உங்க டயர்ல பாதிக் காத்துதான் இருக்கு சாமி. இப்படியே ஓட்டினீங்கன்னா பாவம் எனக்கு'ன்னு வெளியே இழுத்துட்டுப் போயிட்டாரு. நாலாவது டயருக்கு இது ரெண்டாவது தடவை."

நீங்கள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "வாங்க சம்பந்தி, சாமி ரெடி" என்றீர்கள். அவ்வளவுதான். டயர் என்ற சொல்லே உங்கள் வாயிலிருந்து வரவில்லை. பேத்தியை ஏந்திக்கொண்டு நின்றேன். தலையில் தண்ணீர் விழுந்தபோதுகூட அவள் அழவில்லை. என் கால்சட்டையிலிருந்து வந்த கோழி வாசனைக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் என் வண்டியைக் கொக்கி லாரியில் இழுத்துவந்து பட்டறையில் தூக்கி நிறுத்தி, விளக்கடித்துக் காட்டினீர்கள். ரிம் போச்சு, பால் ஜாயின்ட் கழன்றுவிட்டது, டை ராடு வளைந்துவிட்டது, ஷாக் அப்சார்பரிலிருந்து எண்ணெய் ஒழுகுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு "ம்". நான்தான் பொறுக்கமாட்டாமல், "நாலு வார்த்தை திட்டிடுங்க சம்பந்தி" என்றேன். "என்னத்தத் திட்டறது? பாப்பாவுக்கு அப்படியே உங்க மூக்கு" என்றீர்கள். திட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

நேற்று யானிக் வண்டியைக் கொண்டுவந்து விட்டான். பின்சீட்டில் நான்கு புதுக் குளிர்கால டயர்கள், பெல்ட் போட்டுக் கட்டி, மேலே உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு: "சம்மதம் இருந்தால் மாட்டுவேன். இல்லாவிட்டால் பூந்தொட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்."

சம்மதம், சம்பந்தி. முழுச் சம்மதம். சனிக்கிழமை நீங்கள் ஜாக்கியோடு வந்து மாட்டும்வரை வண்டி கொட்டகையை விட்டு ஒரு அடி நகராது. இது என் பேத்தியின் மேல் சத்தியம்.

உகெத் அம்மாளுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, நொயெமிக்கு நெற்றியில் ஒரு முத்தம். நீங்கள் இருவரும் நூறாண்டு வாழ்ந்து எங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமென்று விரும்பும்,

ஒமேர் தெரியோ

பி.கு.: கடிதத்தை முடித்துவிட்டு வெளியே பார்த்தேன், வானம் பளிச்சென்று இருக்கிறது. உங்களை எதற்கு இவ்வளவு தூரம் அலைக்கழிப்பது? சனிக்கிழமை நாங்களே வண்டியை எடுத்துக்கொண்டு அங்கு வருகிறோம், அதே பாலத்து வழியாக. புது டயர்கள் பின்சீட்டில்தானே இருக்கின்றன. பின்னால் பாரம் இருந்தால் வண்டி வழுக்காது என்பது என் நாற்பது வருட அனுபவம். ரினெத் பஸ்ஸில் வருகிறாளாம். எனக்குமுன் அவள் வந்துவிட்டால், தயவுசெய்து கொக்கி லாரியோடு புறப்படுங்கள்.