கிள்ளிக் கொடுத்த ரிலே

செஞ்சியில் ஒருவர் ஓடினார் என்றால் அது ரைட்டு நைனாவின் கண்ணில் படாமல் ஓடியிருக்க முடியாது. கோட்டையை ஆண்ட ராஜாக்களுக்குக்கூட அப்படி ஒரு ஒற்றன் இருந்திருக்க மாட்டான். யாருக்கு எந்த இடத்தில் மூச்சு வாங்கும், யார் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார், யார் விட்டுவிட்டு ஓடுவார், எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அவர் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். காக்கிச் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில், மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய வாட்ச். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. அவர் சம்சாரமே கடைத்தெருவில் நின்று, "எங்க ஊட்டு ரைட்டு இந்தப் பக்கம் வந்துச்சா?" என்றுதான் கேட்பார்.

ஒருமுறை எங்கள் தெருவில் மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவருடைய அம்மா ஒரு காலை உள்ளே வைத்தார். அவ்வளவுதான், பழக்கதோஷத்தில் நைனா விசிலை ஊதி, "போலாம் ரைட்" என்று சொல்லிவிட்டார். கார் ஓட்டியவரும் பழைய பஸ் டிரைவர்தான். விசில் கேட்டதும் அவர் கால் தானாக மிதித்துவிட்டது. சம்பந்தியம்மா ஒரு கால் வண்டியில், ஒரு கால் தரையில் என்று மேளக்காரர்கள் நின்ற இடம் வரைக்கும் தத்திக்கொண்டே போனார். பிறகு நைனா அவரிடம் போய் நின்றார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று எல்லாரும் பார்த்தால், "இந்த வயசுலயும் நல்ல ஓட்டம்மா ஒனக்கு. எடது காலுதான் கொஞ்சம் லேட்டு" என்றார்.

ஓட்டத்தின் மேல் அப்படி ஒரு பைத்தியம். அவர் எந்தப் பந்தயத்திலும் ஓடினவர் இல்லை. பார்ப்பார், அவ்வளவுதான். பார்ப்பதற்காகவே பஸ்ஸைக் கொஞ்சம் முன்னாடியே கிளப்பிவிடுவார். அது புளியமரம் வரை போய் நிற்கும். அது டிரைவர்களோடு அவர் செய்துகொண்ட ஏற்பாடு. பின்னால் ஓடுகிறவர்களை இவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரசிப்பார். மேல்மலையனூர் அமாவாசை வந்துவிட்டால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஸ்பெஷல் பஸ்ஸைப் பிடிக்க ஊரே ஓடும். ஜனங்கள் அங்காளம்மனைப் பார்க்க ஓடுவார்கள், இவர் ஜனங்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

மனுஷன் கெட்டுப்போவதே தன் தூரம் எதுவென்று தெரியாமல்தான் என்பது அவர் சித்தாந்தம். கிட்டத்தில் ஓட வேண்டியவன் தூரத்தில் ஓடுகிறான், தூரத்தில் ஓட வேண்டியவன் கிட்டத்தில் ஓடி மூக்கை உடைத்துக்கொள்கிறான் என்பார். கேட்காதவர்களுக்கும் சொல்வார். எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த டெய்லரைப் பார்த்தவுடன், "நீ திண்டிவனம் வரைக்கும் ஓடுற ஆளுப்பா, தப்பா வந்து மிஷின்ல குந்திட்ட" என்றார். அந்த மனிதர் அதைக் கேட்டோ வேறு எதற்கோ, அடுத்த மாதமே கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். தெருவில் ரவிக்கை தைக்க ஆளில்லாமல் போயிற்று.

மாதர் சங்கங்கள் வந்த புதிது அது. வட்டார அலுவலகத்திலிருந்து கிராம சேவிகா அம்மா ஒருவர் வருவார். சோப்பு செய்யச் சொல்லிக் கொடுப்பார், கும்மி அடிக்கச் சொல்வார். ஒரு பொங்கலுக்கு முன்னால் வந்து, சுற்று வட்டாரத்துச் சங்கங்களுக்கெல்லாம் விளையாட்டுப் போட்டி, பெண்களுக்கு ரிலே ஓட்டம், அதில் ஜெயிக்கிற சங்கத்துக்குத் தையல் மிஷின் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிஷின் வந்தால் குப்புவுக்குத்தான் என்று நாங்கள் அன்றைக்கே பேசி முடித்துவிட்டோம். குப்புவின் புருஷன் வேலை தேடி மெட்ராசுக்குப் போனவன், போனவன்தான். அவள் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மண்டியில் மல்லாட்டை உடைத்து வேர்க்கடலைப் பருப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணெல்லாம் வெடித்திருக்கும். ஆனால் அத்தை வீட்டில் இருந்தபோது தையல் கற்றவள். ஒரு மிஷின் மட்டும் இருந்தால் தெருவின் ரவிக்கையெல்லாம் அவளுக்குத்தான். இல்லையென்றால் தை கழிந்ததும் செங்கல் சூளைக்குப் போவதாக மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருந்தாள். அந்தக் குழந்தையோடு சூளைக்கா?

யாரும் கூப்பிடாமலே நைனா வந்தார். கோட்டை அடிவாரத்துப் பொட்டலில் சங்கத்துப் பெண்களையெல்லாம் வரிசையாக நிறுத்தினார். ஆண்பிள்ளை முன்னால் எப்படி ஓடுவது என்று நெளிந்தவர்களிடம், தினமும் என் முன்னாடிதானே ஓடுகிறீர்கள், இன்றைக்கு மட்டும் பஸ் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். நாற்று நடவுக்குச் செருகுவது போல் புடவையைச் செருகிக்கொண்டோம்.

முதல் ஆள் சித்தாமூர் அக்கா. மேல்சித்தாமூரிலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்ட சமண நயினார் வீட்டுப் பெண். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார், அதனால் வெயில் இறங்கும்போதே பயிற்சியை முடித்தாக வேண்டும். எறும்புச் சாரையைக் கண்டால் மிதிக்காமல் தாண்டுவார். ஓட்டம் கெடுமே என்று நாங்கள் நினைத்தால், நைனா அந்தத் தாண்டலைப் பார்த்துத்தான் அவரை எடுத்தார். "கால நல்லா எட்டி வெக்கிது. வழி பூரா எறும்பா இருந்தா மெட்ராசுலயே ஜெயிக்கும்" என்றார்.

அடுத்தது அஞ்சலை. மல்லாட்டை மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவள். பலம் உள்ளவள் கிட்டத்து ஓட்டத்துக்குத்தான் என்று எல்லாரும் நினைத்தோம், அவளும் நினைத்தாள். நைனா தலையை ஆட்டினார். இவள் லோடு வண்டி, கிளம்ப நேரம் ஆகும், கிளம்பிவிட்டால் தேர் வடம் கட்டினாலும் நிற்காது என்று தூர ஓட்டத்துக்கு மாற்றினார். அந்தப் பொட்டல் வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. நீளமான பக்கம் அஞ்சலைக்கு. தூரமாக ஓடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த குப்புவுக்கு இருப்பதிலேயே குட்டையான பக்கம்.

குப்பு தூரத்தை ஒப்புக்கொண்டாள். ஆனால் கடைசி ஆளாகத்தான் ஓடுவேன் என்று பிடிவாதம் பிடித்தாள்.

"மிஷினு எனக்கு, நைனா. கடைசிக் கயித்த நான்தான் தொடணும்."

"அதனாலதான் வேணாங்குறேன். சாவுக்குப் போறவன் பஸ்ல ஏறி பாத்திருக்கிறியா? கம்பிய வுட்டுட்டு காத்த புடிப்பான். ரொம்ப வேணுங்குறவ கடைசில ஓடக் கூடாது."

"பின்ன யாரு ஓடறது?"

அவர் என்னைக் காட்டினார். நான் அஞ்சலைக்குப் பின்னால் நின்றிருந்தேன். அஞ்சலைக்குப் பின்னால் நின்றால் யாருக்கும் தெரியாது என்பதால் எப்போதும் அங்கேதான் நிற்பேன். எல்லாரும் திரும்பிப் பார்த்ததில் நான் இன்னும் ஒரு அடி பின்னால் போனேன்.

"இந்தப் பொண்ணா? இது வாயத் தொறந்தே நான் பாத்தது இல்லியே" என்றாள் அஞ்சலை.

"அதான் வெசயம். நீயெல்லாம் ஹோல்டான்னு ஒரு கத்து கத்துனா பஸ்ஸு நிக்கும். வாய் இருக்கிறவ கால நம்ப மாட்டா. இதுக்கு வாய் இல்ல. வல்லத்துல இருக்கிற தாய் ஊட்டுக்குப் போறதுன்னா காலாலதான் பஸ்ஸ நிறுத்தணும். மாசா மாசம் பாக்குறேன். இது ஓடுறத பஸ்ஸே திரும்பிப் பாக்குது."

என்னை அந்த அளவுக்கு யாரும் புகழ்ந்ததில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அப்படித்தான் நான் அணியில் சேர்ந்தேன்.

ஆள் எடுத்தாயிற்று. கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ரிலேயில் ஒரு தடியை ஒருத்தி கையிலிருந்து ஒருத்தி வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். போட்டியில் அடிபம்புக் குழாயை வெட்டிய துண்டுதான் கொடுக்கப் போகிறார்கள் என்று நைனா விசாரித்து வந்து, அவரும் ஒரு இரும்புக் குழாய்த் துண்டைக் கொண்டுவந்தார். சித்தாமூர் அக்கா ஓடி வந்தார். அஞ்சலை கை நீட்டினாள். அக்கா நின்று, குனிந்து, குழாயைத் தரையில் வைத்தார். அஞ்சலை அதைக் குனிந்து எடுத்துக்கொண்டு ஓடினாள். அவளும் குப்புவுக்கு அப்படியே தரையில் வைத்தாள். குப்புவும் எனக்கு அப்படியே.

நைனா விசிலை வாயில் வைத்தபடியே கத்தினார். அது வெறும் விசிலாகத்தான் கேட்டது.

இதில் எங்கள் மேல் தப்பே இல்லை. இரும்பை யாராவது கைக்குக் கை கொடுப்பார்களா? சண்டை வரும். அரிவாளைக்கூடத் தரையில் வைத்துத்தான் கொடுப்போம். அஞ்சலை அதை எடுத்துச் சொன்னாள். தனக்கும் குப்புவுக்கும் ஏற்கெனவே தண்ணீர்க் குடத்தில் தகராறு, இரும்பையும் கையில் கொடுத்தால் கொலையில்தான் முடியும் என்றாள். நைனா குழாயில் மஞ்சள் தடவிப் பார்த்தார், துணி சுற்றிப் பார்த்தார். துணிக்குள்ளே இருப்பதும் இரும்புதானே என்று நாங்கள் தரையில் வைத்தோம். நான்கைந்து சாயங்காலம் இப்படியே போனது. மனிதர் இளைத்துவிட்டார்.

கடைசியில் சித்தாமூர் அக்காதான் மெதுவாகச் சொன்னார். "கையக் கிள்ளிட்டுக் குடுத்தா சண்ட வராதே நைனா. எங்க ஊட்ல மொளகாயெல்லாம் அப்புடித்தான் குடுப்பாங்க."

எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். அவசரத்தில் ஒருத்திக்கும் நினைவு வரவில்லை. அக்கா ஓடி வந்து இடது கையால் அஞ்சலையின் முழங்கைக்கு மேலே ஒரு கிள்ளு கிள்ளி, வலது கையால் குழாயைக் கொடுத்தார். அஞ்சலை "யம்மாடி" என்று அலறிக்கொண்டு கிளம்பினாள் பாருங்கள், லோடு வண்டி அப்படிக் கிளம்பி அதுவரை யாரும் பார்த்ததில்லை. நைனாவின் முகம் மலர்ந்துவிட்டது. அதிலிருந்து ஓட்டத்தை விட்டுவிட்டுக் கிள்ளுவதற்குத்தான் பயிற்சி. கிள்ளும்போது பாசம் காட்டாதே, தோலைக் கிள்ளாதே சதையைக் கிள்ளு என்று மண்டபத்தில் கதை சொல்பவர் மாதிரி விளக்குவார். எங்கள் கையெல்லாம் கன்றிப் போனதைப் பார்த்து என் மாமியார், சங்கத்தில் சோப்பு செய்கிறீர்களா அடிதடி செய்கிறீர்களா என்று கேட்டார்.

போட்டி அன்று பொட்டல் நிறைய ஜனம். ஆண்பிள்ளைகள் கோட்டைச் சுவர் மேலெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நான்கு சங்கங்கள் ஓடின. எனக்கு ஒரு பக்கத்தில் நின்றது வல்லத்துச் சங்கம், என் தாய் வீட்டு ஊர். குப்பு எனக்கு முந்தின முனையில் நின்றாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

விசில் ஒலித்தது. முதல் கைமாற்றில் நாங்கள் நினைத்தபடியே ஆயிற்று. மற்ற மூன்று சங்கத்துப் பெண்களும் ஓடி வந்து, குனிந்து, குழாயைப் பதவிசாகத் தரையில் வைத்தார்கள். ஒன்று உருண்டு பள்ளத்தில் போய் விழுந்தது. அக்கா கிள்ளினார், அஞ்சலை அலறினாள், போனாள். பாதி தூரம் போனதும் அவளுக்கு வேகம் பிடித்துவிட்டது. வேகம் பிடித்ததில் நிற்க முடியவில்லை. குப்புவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். குப்பு அவளைத் துரத்திக்கொண்டு ஓடிப் பிடித்து, கிள்ளை மட்டும் விடாமல் வாங்கிக்கொண்டு, குழாயைப் பிடுங்கினாள். அதற்குள் வல்லம் எங்களுக்குச் சமமாக வந்துவிட்டது.

குப்பு என்னிடம் வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைக் கிள்ளியது பயிற்சியில் கிள்ளிய கிள்ளு இல்லை. சூளைக்குப் போகிறவள் கிள்ளுகிற கிள்ளு. எனக்குக் கண்ணில் தண்ணீர் தெறித்தது. ஓடினேன். எதுவும் தெரியவில்லை. கயிறு நெஞ்சில் பட்டது மட்டும் தெரிந்தது.

சத்தம் அடங்குவதற்குள் வல்லத்துப் பெண்கள் சேவிகா அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். கிள்ளி ஓட வைத்தார்கள், இது கள்ள ஆட்டம், செல்லாது என்றார்கள். நைனா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து பேச ஆரம்பித்தார். ஆண்பிள்ளைகள் பேசக் கூடாது என்று சேவிகா அம்மா அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டார். அவர் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குப்பு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றாள்.

சேவிகா அம்மா என்னைக் கூப்பிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தார். நாவல் பழம் மாதிரி கன்றியிருந்தது.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "இல்லீங்க" என்றேன்.

அவர் வல்லத்துப் பெண்கள் பக்கம் திரும்பினார். "கிள்ளு வாங்குனவளே வலிக்கலங்குறா. பாத்த ஒங்களுக்கு இன்னாத்துக்கு நோவுது?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் வல்லத்துக்காரிகளும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள். அஞ்சலை குப்புவைக் குழந்தையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து மிஷின் பஸ்ஸின் மேல் கூரையில் வந்தது. தெருவே பஸ் ஸ்டாண்டில் நின்றது. ஏணி வழியாக இரண்டு பேர் அதைக் கயிறு கட்டி அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். குப்பு கீழே நின்று, குழந்தையைப் பிடிக்க நிற்பவள் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். டிரைவர் தலையை நீட்டி, "இன்னா நைனா, டைமு ஆவுதுல்ல" என்றார்.

நைனா வாட்ச் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மேலிருந்து இறங்கிவரும் மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆவட்டும்" என்றார்.