வெள்ளை மெழுகின் சிவப்புக் கண்ணீர்

ஊரில் திடீரென்று எல்லார் வீட்டிலும் பாவம் முளைத்துவிட்டது. அதைக் கண்டுபிடித்துச் சொன்ன புண்ணியவான் திரிஞானி.

சோபாக் கடைக்கு மேலே ஒரு மாடிக் கூடம். அங்கே வெள்ளை மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைப்பார். மெழுகு வெள்ளையாக வடிந்தால் வீடு சுத்தம். சிவப்பாக வடிந்தால் பாவம். முதல் தடவை போன ஒருவருக்காவது வெள்ளையாக வடிந்திருக்க வேண்டுமே? ஊஹூம்! சுத்திகரிப்புக்குப் பணம் அள்ளிக் கொடுத்த பிறகுதான் மெழுகுக்கு மனம் இரங்கும்.

வரிசை மாடிப்படி இறங்கித் தெருமுனை வரை நின்றது. செருப்பைக் கீழே கழற்றிவிட்டார்கள், புத்தியையும் பக்கத்திலேயே வைத்தார்கள். திரும்பும்போது செருப்பை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வரிசையில் போய் நின்றவள்தான் மெழுகுக்காரியின் அக்கா.

மெழுகுக்காரி என்றால், வீட்டுச் சமையலறையிலேயே அலங்கார மெழுகுவர்த்தி செய்து விற்பவள். ரோஜா, சங்கு, ஆந்தை, எது கேட்டாலும் வார்ப்பாள். அவள் வீட்டில் சாம்பார் கொதித்ததைவிட மெழுகு கொதித்ததுதான் அதிகம் என்று கணவன் புலம்புவான்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி. அறுவை சிகிச்சைக்கு டாக்டர் நாள் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து அக்கா ஒரு காகிதப் பொட்டலத்தோடு தங்கை வீட்டுக்கு வந்து பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஆபரேஷன் வேண்டாம்டி. எனக்கு சிவப்பா வடிஞ்சிடுச்சு. வெள்ளையா வடியற வரைக்கும் உடம்புல கத்தி படக்கூடாதாம். பட்டா உயிரே அணைஞ்சிடுமாம்."

மெழுகுக்காரி பொட்டலத்தைப் பிரித்தாள். எரிந்து மிஞ்சிய துண்டு. அடியைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் மெல்லிசாய் வெள்ளைத் தோல், உள்ளே ரத்தம் போல அடர்ந்த சிவப்பு. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, இது சிவப்பு மெழுகுவர்த்தி. மேல வெள்ளை மெழுகுல ரெண்டு முக்கு முக்கியிருக்கான். இதே மாதிரி நானே செஞ்சு விக்கிறேன்!"

"நீ சும்மா இரு. வெள்ளையாதான் இருந்துச்சு. என் பாவம் உள்ள இறங்கிச் சிவந்து போச்சு."

மெழுகுக்காரியின் சிரிப்பு நின்றது. பயம் பிடித்தது. கட்டி வளர்ந்துகொண்டே இருக்கும், அக்கா மெழுகு வெளுக்கக் காத்திருப்பாள். சொல்லிப் புரியவைக்க முடியாது, கண்ணால் பார்த்தால்தான் உண்டு. மெழுகுக்காரி அடுப்பைப் பற்ற வைத்தாள்.

மறுநாள் இருவரும் போனார்கள். கூடத்தில் ஒரு மேசை விசிறி சுடரை ஒரு பக்கமாகச் சாய்த்து மெழுகைச் சீக்கிரம் வடியவைத்துக்கொண்டிருந்தது. தெய்வீகத்துக்குக் கொஞ்சம் மின்சாரமும் தேவைப்பட்டது, பாவம். வெள்ளுடுப்புச் சிஷ்யை மெழுகுவர்த்தி அடுக்கிய இரண்டு தட்டுகளோடு நின்றாள். புதிதாக வந்தவர்களுக்கு இடது தட்டு. கொடுத்து முடித்தவர்களுக்கு வலது தட்டு.

மெழுகுக்காரிக்கு இடது தட்டிலிருந்து ஒன்று வந்தது.

"நெஞ்சோட அணைச்சு உன் மூச்சை ஏத்தும்மா. எல்லாரும் கண்ணை மூடுங்க," என்றார் திரிஞானி. அவரும் மூடிக்கொண்டார்.

எல்லாரும் கண்ணை மூடும் இடத்தில் வேலை எவ்வளவு சுலபம்! தட்டிலிருந்து வந்தது கைப்பைக்குள் போனது. கைப்பையில் இருந்தது மேசை மேல் ஏறியது.

திரிஞானி கண்ணைத் திறந்து அதைக் கொளுத்தினார். சுடர் ஆடியது. மெழுகு வடிந்தது, பச்சைப் பசேலென்று.

திரிஞானி ஒரு கணம் விழித்தார். அனுபவசாலி அல்லவா, சமாளித்தார்.

"பச்சை... பொறாமை! பக்கத்து வீட்டுக் கண்ணு!"

"எங்க வீட்டுக்கு ரெண்டு பக்கமும் காலி மனைதான் சாமி."

"காலி மனைல பார்வை நிக்கும்மா."

அதற்குள் மஞ்சள் வடிந்தது. "மஞ்சள்... முன்னோர் கோபம்," என்றார். அவர் நெற்றியிலும் வடிய ஆரம்பித்தது. பின்னாலேயே நீலம் வந்தது. கூடவே எலுமிச்சை வாசனையும்.

"சாமி, நீலத்துக்கு என்ன பலன்?"

"இது... இது பெரிய தோஷம். ஏழு தலைமுறை..."

"எலுமிச்சை வாசனை எத்தனாவது தலைமுறை சாமி?" என்றபடி மெழுகுக்காரி எழுந்தாள். "இது நேத்து எங்க சமையலறையில நான் செஞ்சது. உள்ள மூணு கலரை மெல்லிசா ஒண்ணு மேல ஒண்ணா ஊத்தினேன். மேல வெள்ளையில முக்கினேன். நீங்க குடுத்தது இதோ."

கைப்பையிலிருந்து அவர் மெழுகுவர்த்தியையும் காய்கறிக் கத்தியையும் எடுத்தாள். நறுக்கினாள். பீட்ரூட் போல உள்ளே சிவந்திருந்தது.

"இன்னும் பத்தவே வைக்கல. அதுக்குள்ள என் பாவம் எப்படி உள்ள போச்சு?"

"சுடரைச் சோதிக்கிறவங்க கண்ணு அவிஞ்சிடும்!" என்று கத்தினார் திரிஞானி.

யார் கண்ணும் அவியவில்லை. சில கண்கள் அப்போதுதான் திறந்தன. முன்வரிசையில் இருந்த தையற்காரர் எழுந்து போய் இடது தட்டில் ஒன்றை எடுத்து மளுக்கென்று உடைத்தார். சிவப்பு. வலது தட்டில் ஒன்று. வெள்ளை. அப்புறம் ஆளுக்கொன்று உடைத்தார்கள். சிஷ்யை தட்டுகளைப் போட்டுவிட்டுப் பின்வாசலுக்கு ஓடினாள். அங்கே திரிஞானி ஏற்கெனவே கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார். கதவு உள்பக்கம் இழுக்க வேண்டிய கதவு. எல்லார் வீட்டுப் பாவமும் தெரிந்தவருக்கு அது தெரியவில்லை. பிடித்து உட்கார வைத்தார்கள்.

அக்கா ஒரு சிவப்புத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டுத் தங்கையின் தோளைப் பிடித்தாள்.

"டாக்டர் சொன்ன நாள் இன்னும் தாண்டலையேடி?"

"தாண்டல அக்கா."

"அப்போ வா, நேரா ஆஸ்பத்திரிக்குப் போவோம். எனக்கு மறுபடி பயம் வர்றதுக்குள்ள."

இருவரும் படியிறங்கினார்கள். பின்னாலேயே ஒரு பெரியவர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து கைகூப்பினார்.

"அம்மா, அந்தாளு ஃபிராடு. அவனையே மடக்கின உங்ககிட்டதான் நிஜமான சக்தி இருக்கு. நீங்க எந்தக் கிழமை உட்காருவீங்க? எனக்கும் ஒண்ணு கொளுத்திப் பார்த்துச் சொல்லுங்களேன்!"

மெழுகுக்காரி நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கொளுத்த வேண்டியது உங்ககிட்டயேதான் இருக்கு பெரியவரே, கழுத்துக்கு மேல. வாங்கின நாள்லேர்ந்து பத்தவே வைக்கல போலிருக்கு."