கஞ்சிரா அக்காவும் மைக் அண்ணையின் மங்கள விளக்கும்

இங்கிலாந்தின் சட்டத்தை முழுசாக மதித்து நடந்த ஒரே மனிதப் பிறவி எங்கள் கஞ்சிரா அக்காதான். மற்றவர்கள் எல்லாரும், நீதிபதிகள் உட்பட, கொஞ்சம் முன்னே பின்னேதான்.

லண்டனின் மிச்சம் பகுதியில் எங்கள் வீட்டு மேல் அறைக்கு அவர் குடிவந்தபோது நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். அக்காவின் சொந்த ஊர் திருச்சி. படிக்க வந்தது, இசையைக் கொண்டு நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்யும் படிப்பு. கைப்பையில் எப்போதும் ஒரு கஞ்சிரா இருக்கும். குடையை மறப்பார், கதவுத் திறப்பை மறப்பார், ஒருமுறை சப்பாத்தை மறந்து வீட்டுச் செருப்போடு பனியில் பஸ் ஏறினார். கஞ்சிராவை மட்டும் மறந்ததே இல்லை. வீட்டைச் சூடாக்கும் எங்கள் பழைய பொய்லர் ‘டக், டக்’ என்று முனகினால் உடனே மாடியிலிருந்து பதில் வாசிப்பார்.

“பாவம் ஆன்ட்டி, அது பேசுறதை யாருமே கவனிக்க மாட்டேங்கிறீங்க.”

அம்மா என் காதில் கேட்பார்: “பிள்ளை, இவ படிக்க வந்தவவோ, வைத்தியம் பார்க்க வந்தவவோ?”

இந்த நாட்டில் நினைத்தவர்கள் எல்லாம் தங்களை ‘மியூசிக் தெரபிஸ்ட்’ என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதற்கென்று படித்து, சட்டப்படியான பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகுதான் அந்தப் பட்டம். முன்னரே சொன்னால் குற்றம். இதை அறிந்த நாளிலிருந்து அக்கா அந்தச் சொல்லைக் கேட்டாலே பதறினார். ஒருநாள் எங்கள் தெருக் கடைக்காரர் வாயில் வந்தபடி, “இவ மியூசிக் தெரபிஸ்ட்” என்று ஒருவருக்கு அறிமுகம் செய்துவிட்டார். கடையின் கோடியில் மீன் பெட்டிக்குள் குனிந்து நின்ற அக்கா, கையில் உறைந்த விளைமீனோடு ஓடி வந்தார். “இல்லீங்க! ஸ்டூடண்ட்! நான் இன்னும் ஸ்டூடண்ட்தான்!” வந்தவர் மிரண்டுபோய், வாங்கிய பாலைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

பதிவு கிடைத்த அன்று அக்கா கூவிக்கொண்டே படியிறங்கி வந்து, அம்மாவைப் பிடித்துச் சுற்றிய சுற்றில் தோசை கருகியது. மறுநாள் காலையிலிருந்து கதை தலைகீழ். பஸ் சாரதிக்குச் சொன்னார். பல் வைத்தியரிடம் வாயைத் திறந்தபடியே சொன்னார். யாராவது ‘மியூசிக் டீச்சர்’ என்று சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். பஸ்ஸைத் தவறவிட்டாவது திருத்தி அனுப்புவார். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவள் நான். பட்டமளிப்பு அங்கியைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதை மாட்டிக்கொண்டு விம்பிள்டன் வரைக்கும் ட்ராமில் போய் வந்தவள்.

அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் எங்கள் ஈழத் தமிழ்ச் சனம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. எங்களிடையே ஒரு தொழிலுக்கு உண்மையான அங்கீகாரம், விழாவில் மங்கள விளக்கேற்ற மைக் அண்ணை அழைப்பதுதான். அவர் எங்கள் நிரந்தர அறிவிப்பாளர். ஒவ்வொருவரையும் பட்டத்தோடு, ராகத்தோடு அழைப்பார். “அன்போடு அழைக்கின்றோம்” என்பதன் கடைசி ‘ம்’, அழைக்கப்பட்டவர் எழுந்து, சேலையைச் சரிசெய்து, மேடையேறும் வரைக்கும் நீளும். வைத்தியர், கணக்காளர், சட்டத்தரணி, வீட்டுக் கடன் எடுத்துக் கொடுப்பவர் வரை அந்த ‘ம்’மில் நடந்து போயிருக்கிறார்கள்.

அக்கா நேரே அவரிடம் போனார். நானும் கூட நின்றேன்.

“அண்ணா, இந்த வாட்டி விளக்கேத்த என்னையும் கூப்பிடணும்.”

“அதுக்கென்ன தங்கச்சி. ஏத்தேக்க ஒரு தேவாரமும் பாடுங்கோ.”

“பாட வரலண்ணா. நான் மியூசிக் தெரபிஸ்ட். பிசியோதெரபிஸ்ட் இருக்காங்கல்ல, அவங்க மாதிரி பதிவு வாங்கின தொழில்.”

“அப்ப கால் பிடிச்சு விடுவியளோ?”

“ஐயோ, இல்லண்ணா!”

“பாடவும் மாட்டியள், காலும் பிடிக்க மாட்டியள். பிறகு என்னெண்டு நான் மைக்கில சொல்லுறது?”

அன்று பொய்லருக்கு மிக நீண்ட பதில் கிடைத்தது.

அக்கா விடவில்லை. பொங்கல் விழா, கலை விழா, பழைய மாணவர் ஒன்றுகூடல் என்று எல்லாவற்றிலும் முன்வரிசையில், பட்டுச் சேலையில், கதிரை நுனியில் எழும்பத் தயாராக இருப்பார். ‘ம்’ வரும். வேறு யாராவது எழும்புவார்கள்.

பிறகு மைக் அண்ணைக்குப் பக்கவாதம் வந்தது. கால் மெல்லத் தேறியது. பேச்சு வரவில்லை. மைக் அண்ணைக்குப் பேச்சு இல்லை என்பது ட்ராமுக்குத் தண்டவாளம் இல்லை என்பது போல. அவரைச் சேர்த்தது அக்கா வேலை செய்த ஆஸ்பத்திரியில்.

அம்மா கேட்டார்: “மைக் அண்ணைக்கு இப்ப எப்பிடிப் பிள்ளை?”

“எந்த அண்ணா, ஆன்ட்டி?”

“நீ வேலை செய்யிற ஆஸ்பத்திரியிலதானே இருக்கிறார்!”

“ஆஸ்பத்திரியா? எது?”

நோயாளியைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது. அதுவும் சட்டம். எல்லாம் மைக் அண்ணையின் மனைவி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. பேசத்தான் முடியவில்லை, மெட்டில் போட்டால் சொல் வருகிறதாம். அக்கா பக்கத்தில் இருந்து, அவருடைய இடக்கையைத் தாளம் தட்ட வைத்து, ஒவ்வொரு சொல்லாக வரவழைத்தாராம்.

“முந்தி தேத்தண்ணி வேணுமெண்டால் அதட்டுவார். இப்ப பாடிக் கேக்கிறார்” என்றார் அவர் மனைவி. “எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.”

அடுத்த பொங்கல் விழாவுக்கு மைக் அண்ணை பொல்லு ஊன்றி வந்தார். யாரும் அழைக்காமலே மேடையேறி மைக்கைப் பிடித்தார். மண்டபம் அடங்கியது. வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டார். முன்வரிசையில் அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். தாளம் போட்டுக் கொடுத்தால் அவர் தன் நோயாளி என்று ஊருக்குத் தெரிந்துவிடுமாம். ஊருக்கே தெரிந்திருந்தது.

மைக் அண்ணையின் இடக்கை மெல்லத் தொடையில் தட்டத் தொடங்கியது.

“சட்டப்படி... பதிவு பெற்ற... மியூசிக்... தெர... பிஸ்ட்... அவர்களை... அன்போடு... அழைக்கின்றோ...ம்...”

இத்தனை விழாக்களிலும் எழும்பத் தயாராக இருந்த அக்காவால் அன்று எழும்ப முடியவில்லை. சேலையைச் சரிசெய்தார், மறுபடியும் சரிசெய்தார். ‘ம்’ நீண்டுகொண்டே போனது. மைக் அண்ணைக்கு மூச்சு முட்டியது. அப்போது பின்வரிசையில் யாரோ அந்த ‘ம்’மை எடுத்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர். பிறகு மண்டபம் முழுவதும் ‘ம்’ என்று முழங்கியது. மைக் அண்ணை ஆறுதலாக மூச்சு வாங்கினார். அக்கா அந்த முழக்கத்தில் நடந்து போய் விளக்கேற்றினார்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் சொன்னேன்: “அக்கா, உங்கட பேரைச் சொல்ல மறந்திட்டார்.”

“பேரு பொறந்ததுலேருந்தே இருக்குடி. அதை விடு!”

அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் குனிந்து கேட்டார்: “ஆர் அந்தப் பிள்ளை? என்ன செய்யிறவ?”

அக்காவிடம் எத்தனையோ தரம் திருத்தம் வாங்கி, அந்தப் பட்டம் அம்மாவுக்கு நன்றாகவே பாடமாகியிருந்தது. அக்காவும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, “அது எங்கட பிள்ளை” என்றார்.

அக்கா திருத்தவில்லை.