மூன்றாம் வளைவு குற்றவாளி

ஒரு காட்டில், வற்றிப்போன ஏரியைச் சுற்றி ஆண்டுதோறும் கார்ப் பந்தயம் நடந்துவந்தது. பந்தயக் குழுவின் செயலாளர் ஒரு நரி. நான்கு முறை கோப்பை வாங்கிய ஓட்டுநர் மருதவேல் என்ற சிறுத்தை. மூன்றாம் வளைவில் நின்று கொடி காட்டும் வேலை சடையன் என்ற கீரிக்கு.

பாதையில் ஆபத்து என்றால் சடையன் மஞ்சள் கொடி காட்டும். மஞ்சளைக் கண்டதும் வேகத்தைக் குறைக்க வேண்டும். யாரும் யாரையும் முந்தக் கூடாது. விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இது இருந்தது. புத்தகம் தடிமனாக இருந்ததால் முதல் பக்கத்தைத் தாண்டி ஒருவரும் படித்ததில்லை. ஆகவே இந்த ஒரு விதி மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஆண்டுப் பந்தயத்தின் கடைசிச் சுற்று. மூன்றாம் வளைவில் முள்ளம்பன்றியின் கார் கவிழ்ந்தது. சடையன் மஞ்சள் கொடியை உயர்த்தி வீசியது. முன்னால் வந்த காட்டுநாய் வேகத்தைக் குறைத்தது. அதற்குப் பின்னால் வந்த மருதவேல் குறைக்கவில்லை. காட்டுநாயை முந்தியது. வளைவில் கார் சறுக்கி, ஓரமாக நின்ற சடையன்மீது ஏறியது.

முள்ளம்பன்றிக்குச் சிராய்ப்புகூட இல்லை. சடையன் அங்கேயே செத்துப்போனது. பந்தயத்தை நிறுத்தினார்கள். நிறுத்தியபோது முன்னால் இருந்தது மருதவேல் என்பதால் கோப்பை அதற்கே என்று குழு அறிவித்தது. மருதவேல் வாங்க வரவில்லை.

மறுநாள் நரி மருதவேலைத் தேடிக்கொண்டு வந்தது.

"தம்பி, ஒண்ணும் கவலைப்படாதே. குழு உன் பக்கம் நிக்குது."

"நான் கொடியைப் பார்த்தேன் சார்."

"பார்க்கலை."

"பார்த்தேன். அதுக்குள்ள முந்திடலாம்னு நினைச்சேன்."

"நீ அதிர்ச்சியில இருக்கே. கீரி கொடியை லேட்டாக் காட்டிடுச்சுன்னு அறிக்கை எழுதியாச்சு. செத்தவர் வந்து இல்லேன்னு சொல்லப்போறாரா?"

அறிக்கையின் நகல் ஒன்று சடையன் வீட்டுக்கும் போனது. அதன் மனைவி பொன்னுருவி இரண்டு தடவை படித்தது. 'கொடி காட்டுவதில் ஏற்பட்ட தாமதமே விபத்துக்குக் காரணம்.' பின்னால் ஒரு படிவம் இணைக்கப்பட்டிருந்தது. 'என் உயிருக்கு நானே பொறுப்பு' என்று அச்சிட்டு, கீழே சடையன் வேலைக்குச் சேர்ந்தபோது வைத்த கால்ரேகை.

அன்று சாயங்காலம் மருதவேல் பொன்னுருவியின் வளைக்கு முன்னால் வந்து நின்றது.

"தங்கச்சி, என் பேரு மருதவேல்."

"தெரியும்."

உள்ளே வாங்க என்று பொன்னுருவி சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த வளைக்குள் மருதவேலின் தலைகூட நுழைந்திருக்காது. இரண்டும் வெளியிலேயே உட்கார்ந்தன.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவர் நேரத்துக்குக் கொடி காட்டினாரா?"

"காட்டினார். நல்லா உயர்த்திக் காட்டினார். காட்டுநாய் பார்த்துட்டுக் குறைச்சது. நானும் பார்த்தேன். நான் குறைக்கலை."

பொன்னுருவி, "மழை பெஞ்சாலும் ஒரு மணி நேரம் முன்னாடியே போய் நிக்கிற மனுஷன். அவரைப் போய் லேட்டுன்னு எழுதிட்டாங்களே" என்றது. கீரியை மனுஷன் என்று சொன்னதை மருதவேல் திருத்தவில்லை.

"இதைக் கோர்ட்டுல சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"சொன்னா மன்னிச்சிடுவேன்னு நினைக்காதீங்க."

"நினைக்கலை."

பொன்னுருவி தொடுத்த வழக்கு ஆமையிடம் வந்தது. வேகம் என்றால் என்னவென்றே தெரியாது என்பதால், இப்படிப்பட்ட வழக்குகளில் ஆமை நடுநிலையாக இருக்கும் என்று அதை நீதிபதி ஆக்கியிருந்தார்கள்.

மருதவேல் கூண்டில் ஏறி நடந்ததை நடந்தபடியே சொன்னது. "தப்பு என்னுடையது. எனக்குத் தண்டனை கொடுங்க" என்று முடித்தது.

நரி எழுந்தது. "கனம் நீதிபதி அவர்களே, தவறு செய்த ஓட்டுநர் அதை ஒப்புக்கொண்டதாக இந்தக் காட்டின் வரலாற்றில் இல்லை. இவர் ஒப்புக்கொள்கிறார். ஆகவே இவர் தவறு செய்திருக்க முடியாது."

"அப்படித்தான் படுகிறது" என்றது ஆமை.

பொன்னுருவி துள்ளி எழுந்தது. "அப்போ என் வீட்டுக்காரர் மேல தப்பா, ஐயா? அவர் நேரத்துக்குக் கொடி காட்டலேன்னா காட்டுநாய் எப்படிக் குறைச்சது? ஜோசியம் பார்த்தா குறைச்சது?"

ஆமை யோசிப்பதற்காகத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தலை வெளியே வந்தது. தீர்ப்பை வாசித்தது:

"கொடி உரிய நேரத்தில் காட்டப்பட்டது. ஓட்டுநர் பெருந்தன்மை உள்ளவர். விதிகளைப் புத்தகமாகவே போட்டிருப்பதால் குழுமீதும் குறை சொல்ல முடியாது. இவர்களைக் கழித்துவிட்டால் சம்பவ இடத்தில் மிச்சம் இருப்பது வளைவு. வளைவே குற்றவாளி. அதை நிமிர்த்த உத்தரவிடுகிறேன்."

பொன்னுருவி தீர்ப்பின் முதல் வரிக்கு மட்டும் நகல் கேட்டு வாங்கிக்கொண்டது. வீட்டுக்குப் போய்க் குட்டிகளை உட்காரவைத்துச் சத்தமாக வாசித்துக் காட்டியது. அதன்பிறகுதான் அழுதது.

வளைவை நிமிர்த்தினார்கள். இனி அந்த இடத்தில் இரண்டு மடங்கு வேகத்தில் போகலாம் என்று நரிக்குப் பரம திருப்தி. அங்கே நின்று கொடி காட்ட ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்தது. ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை.

மருதவேல் தன் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொண்டு குழு அலுவலகத்துக்குப் போனது.

"இதைத் திருப்பிக் கொடுக்கணும் சார். இனிமே நான் ஓட்டலை."

நரி அலமாரியைத் துழாவியது. "புதுப்பிக்கப் படிவம் இருக்கு. திருப்பிக் கொடுக்கப் படிவமே இல்லையேப்பா."

மருதவேல் உரிமத்தை மேசைமேல் வைத்துவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனது. உரிமம் மேசைமேல் கிடப்பதைப் பார்த்த அலுவலகம், வழக்கப்படி அதை ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்து, வாழ்த்துச் செய்தியுடன் தபாலில் அனுப்பிவைத்தது.

நீதி: செய்த தவறுக்குத் தண்டனை பெற விரும்புவோர், விபத்துக்குக் குறைந்தது பதினைந்து நாட்களுக்கு முன்பே உரிய படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.