பெரியவர் கரையேறுகிறார்

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் சென்னைப் பட்டணத்தின் வானம் ராணுவ ரகசியமாக இருந்தது. மழை வரும் என்று பத்திரிகையில் போட்டால் ஜப்பான்காரன் படித்துவிடுவான். படித்தால் குடையோடு வந்துவிடுவான். ஆகவே வானிலைச் செய்தி எதையும் வெளியிடக் கூடாது என்று உத்தரவாயிற்று. வானம் மட்டும் அந்த உத்தரவைப் பார்வையிடாமல், வழக்கம்போல ஐப்பசியில் கறுத்துக்கொண்டிருந்தது.

புயலிலிருந்து ஜனங்களைக் காப்பாற்றுவதற்கென்று மயிலாப்பூரில் ஒரு வாடகை வீட்டில் விசேஷ ஆபீஸ் திறந்தார்கள். வாசலில் பலகை கிடையாது. பலகை வைத்தால் ரகசியம் போய்விடும். பல் வைத்தியர் வீடு என்று நினைத்து ஒருவர் வீங்கிய கன்னத்தோடு அரை நாள் பெஞ்சில் காத்திருந்துவிட்டு, வலி தானாகவே குறைந்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆபீஸினால் பொதுமக்களுக்குக் கிடைத்த முதல் உபகாரம் அதுதான்.

அங்கே தற்காலிக குமாஸ்தாவாக இருந்தவன் கோதண்டபாணி, பி.ஏ. அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அக்கா தேவானை இட்லி சுட்டு விற்று அவனைப் படிக்க வைத்தாள். வேலை இன்னும் பெர்மனெண்ட் ஆகவில்லை. அதனால் தும்மல் வந்தால்கூட, சர்வீஸ் விதிகளில் இடம் உண்டா என்று ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் தும்முவான். ரகசியக் காப்புப் பிரமாணம் வேறு எடுத்திருந்தான். மற்றவர்களும் எடுத்திருந்தார்கள், இவன் அதை நம்பியும் இருந்தான்.

ஆபீசுக்குள் மழை, காற்று, புயல், வெள்ளம் ஆகிய நான்கு சொற்களும் தடை செய்யப்பட்டிருந்தன. சிப்பந்திகள் குடை கொண்டு வரலாகாது என்றும் விதி இருந்தது. புயல் ஆபீஸ்காரனே குடை எடுத்து வந்தால் ஒற்றன் ஊகித்துவிட மாட்டானா?

ஒரு செவ்வாய்க்கிழமை பியூன் கரீமுல்லா தலையில் துண்டோடு உள்ளே வந்தான்.

"சார், வெளியே தூறிக்கினு கீது."

ஸ்பெஷல் ஆபீசர் சந்திரமௌலி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எதுடா தூறறது?"

கரீமுல்லா நான்கு சொற்களையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். "அதான் சார்... மேலேருந்து வருமே, அது."

"மேலேருந்து எது வந்தாலும் தந்தியில் வரணும். போய் ஒழுகற இடத்தில் பாத்திரத்தை வை."

தந்தியும் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம், அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கடும்புயல் கரை கடக்கும் என்று கண்டிருந்தது. கோதண்டபாணி தந்தியை இரண்டாம் தடவை படித்தான். அக்காவின் குடிசை அங்கேதான் இருந்தது.

"எல்லா டிபார்ட்மெண்டுக்கும் சர்க்குலர் போகட்டும்," என்றார் சந்திரமௌலி. "அந்தச் சொல் மட்டும் வரப்படாது. வேறே ஏதாவது மரியாதையாப் போடும், ஓய். பெரியவர்னு போடும்."

சர்க்குலர் இவ்வாறு தயாராயிற்று: 'பெரியவர் ஒருவர் தென்கிழக்குத் திசையிலிருந்து புறப்பட்டு வியாழக்கிழமை மாலை அடையாற்றங்கரையில் கரையேறுவார். அன்னாருடைய வேகத்தையும் பலத்தையும் உத்தேசித்து, வழியிலுள்ள இடையூறுகளை அகற்றி, தக்க ஏற்பாடுகள் செய்யக் கோரப்படுகிறது.'

"சார், ஆற்றங்கரை ஜனங்களிடம் யார் சொல்வது?" என்று கேட்டான் கோதண்டபாணி.

"சர்க்குலர் ஒரு காப்பி அங்கேயும் ஒட்டினால் போச்சு."

"அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, சார்."

"அப்போ இன்னும் விசேஷம். ரகசியம் பத்திரமா இருக்கும்."

அன்று மாலை அக்காவைப் பார்க்கப் போனான். தேவானை மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாளைக்கே குடிசையைக் காலி பண்ணிட்டு மேட்டுக்குப் போயிடு. பெரியவர் வரார்."

"எந்தப் பெரியவரு? வந்தா வரட்டும். குந்தச் சொல்லி ரெண்டு இட்லி குடுக்கறேன்."

"இட்லி சாப்பிடற பெரியவர் இல்லே. ரொம்ப வேகமா வருவார்."

"வண்டியிலயா?"

"இல்லே."

"நடந்தா?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது அக்கா."

தேவானை ஆட்டுவதை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "தம்பி, உண்மையச் சொல்லு. உன் ஆபீசரு இந்தப் பக்கம் வராரு. அக்கா குடிசையிலே கீறான்னு தெரிஞ்சா உனக்கு வெக்கம். அதானே?"

கோதண்டபாணி வாயைத் திறந்தான். 'பு' என்ற எழுத்து உதடுவரை வந்தது. பிரமாணம் எடுத்த வலது கையைப் பார்த்தான். எழுத்து உள்ளே போய்விட்டது. விடிந்ததும் வேலை போனாலும் சரி, சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத் தூங்கப் போனான்.

அதற்கு அவசியம் இல்லாமல் போயிற்று. சர்க்குலர் இரவோடு இரவாக வேலை செய்திருந்தது. பெரியவர் என்றால் யார் என்று எந்த டிபார்ட்மெண்டும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடும். மேலிடத்துப் பிரமுகர் என்று அவரவரே முடிவு கட்டிக்கொண்டார்கள். ஆற்றங்கரையில் பந்தல் எழுந்தது, வாழைமரம் நின்றது, 'நல்வரவு' என்று காகிதப்பூ வளைவு கட்டினார்கள். பிரமுகர் கண்ணில் குடிசைகள் படலாகாது என்று சுகாதார டிபார்ட்மெண்ட் ஆட்சேபித்ததால், போலீஸார் லாரி கொண்டுவந்து ஜனங்களையும் சட்டிபானைகளையும் ஏற்றி, சாந்தோம் பக்கம் மேட்டில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள்.

லாரியிலிருந்து தேவானை கத்தினாள். "உங்க பெரியவரு கண்ணுல நாங்க பட்டா இன்னாடா, அவுரு குருடாயிடுவாரா?"

விடிந்ததும் ஓடி வந்திருந்த கோதண்டபாணி தலையைக் குனிந்துகொண்டான். சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் தியாகராயநகர்ச் சீமாட்டிகள் ஜார்ஜெட் புடவையும், பலூன்போல் உப்பிய கை வைத்த ரவிக்கையுமாகப் பந்தலில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த மாதம் அந்தக் கைதான் நாகரிகம். பாண்டு வாத்தியம் முழங்கியது. முதல் வரிசையில் சந்திரமௌலியின் மேலதிகாரி ரோஜா மாலையோடு இருந்தார். பந்தலில் இருந்தவர்களில், வருவது யார் என்று அறிந்தவர் சந்திரமௌலி ஒருவர்தான். ஆனால் பொது இடத்தில் ரகசியம் பேசக் கூடாது; மேலதிகாரி உட்கார்ந்திருக்கையில் எழுந்து போகவும் விதி இல்லை. ஆகவே அவரும் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு, தென்கிழக்கே பார்த்து, மரியாதையாக உட்கார்ந்திருந்தார்.

பெரியவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். சர்க்கார் விழாக்களில் அப்படி வந்த பிரமுகர் வேறு யாரும் இல்லை.

முதலில் 'நல்வரவு' போயிற்று. பிறகு பந்தல். ரவிக்கைக் கைகள் முழுமூச்சாக உப்பின. ஆறு ஏறி வந்து நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. பாண்டுக்காரர் ஒருவர் பெரிய மேளத்தைக் கட்டிக்கொண்டு மிதந்தார். எல்லோரும் விழுந்தடித்து ஓடி, திறந்திருந்த ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அது சாந்தோம் பள்ளிக்கூடம்.

நடுங்கிக்கொண்டிருந்த சந்திரமௌலிமேல் தேவானை ஒரு கோணிச் சாக்கைப் போட்டாள். "இன்னா சாமி, உங்க பெரியவரு வந்தாரா?"

"வந்தார்," என்றார் சந்திரமௌலி. பழம் இன்னும் கையில் இருந்தது.

ஆற்றங்கரையில் ஒரு குடிசை மிஞ்சவில்லை. ஓர் உயிரும் போகவில்லை. ஆபீஸின் தீர்க்கதரிசனம் மேலிடம்வரை பாராட்டப்பட்டது. தேவானையும் மற்றவர்களும் பழைய இடத்துக்கே திரும்பி, கோணியை விரித்துக் கட்டி, அதன் அடியில் அடுப்பு மூட்டினார்கள்.

சில வாரங்களில் நிஜமாகவே மேலிடத்துப் பிரமுகர் ஒருவர் சேதத்தைப் பார்வையிட ஏற்பாடாயிற்று. வீடு இழந்தவர்களைக் கண்ணால் பார்த்தால், புது வீட்டுக்கு மூங்கிலும் ஓலையும் அங்கேயே உத்தரவாகும். யுத்த காலத்தில் பிரமுகர் பெயரும் ரகசியம். எனவே அன்று காலை ஆற்றங்கரையில் தண்டோரா மட்டும் போட்டார்கள். "பெரியவர் வருகிறார்! பெரியவர் வருகிறார்!"

கோதண்டபாணி சேதி கேட்டு ஓடி வந்து சேர்வதற்குள் ஆற்றங்கரை ஜனங்கள் கோணியைச் சுருட்டிவிட்டார்கள். தேவானை தலையில் ஆட்டுக்கல்லோடு மேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நில்லு! இது அந்தப் பெரியவர் இல்லே. நிஜப் பெரியவர்! நல்லது பண்ண வரார்!"

"போன தபா நீ சொன்னப்போ கேக்கலே, தம்பி. இந்த தபா கேக்கறேன். நீயும் ஓடியா!"

பிரமுகர் வந்தார். வெறும் மணல் சுத்தமாகக் கிடந்தது. 'பாதிக்கப்பட்டவர் எவரும் இல்லை. இவ்விடத்தில் குடியிருப்பு இருந்ததற்கான அடையாளமும் இல்லை. எல்லாம் விசேஷ ஆபீஸின் திறமை' என்று சொல்லிவிட்டுப் போனார். ஆபீஸ் பெர்மனெண்ட் ஆயிற்று. கோதண்டபாணியும் பெர்மனெண்ட் ஆனான்.

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் தேவானை அவனுக்கு இட்லி வைத்தாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"ஏன்டா தம்பி, பெரியவரு வந்தாரா? இன்னா சொன்னாரு?"

கோதண்டபாணி இட்லியைப் பிட்டான். பிட்டதை மறுபடியும் இலையில் வைத்தான்.

"அது ரகசியம் அக்கா," என்றான்.