மாமா பம்பு அடித்த நாள்

சானிட்டரி கடைக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் கண் முதலில் பாத்ரூமைத்தான் தேடும். வீட்டுக்காரர் பிள்ளை பள்ளியில் ஜெயித்து வாங்கிய கோப்பையைக் காட்டிக்கொண்டிருப்பார். நாம் அவர் வீட்டு ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் ஒழுகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். "வாஷர் போயிருக்கு, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைப்போம்.

நான் அப்படி வளர்ந்தவள். எங்கள் வாப்பா கீழக்கரையிலிருந்து கப்பலேறி வந்து போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் போட்ட கடை அது. பைப்பு, குழாய், கிளாசெட், தண்ணீர்த் தொட்டி. பள்ளிக்கூடம் விட்டு வந்து கிளாசெட் மூடிமேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். (விற்பனைக்கு வைத்திருந்தது. தப்பாக நினைக்க வேண்டாம்.) பி.காம் முடித்ததும் கல்லாவில் உட்கார்ந்துவிட்டேன். பஜாரில் யார் வீட்டில் எது அடைத்தாலும் "ஜமீலாவைக் கேளு" என்பார்கள். இந்தப் பேச்சு என் தலைக்கு ஏறி நன்றாகக் குடியிருந்த சமயத்தில்தான் எனக்குக் கல்யாணமானது.

மாப்பிள்ளை ஹாரிஸ். அவருக்கும் ஊர் கீழக்கரைதான், வேலை மட்டும் இங்கே ஒரு கப்பல் ஏஜென்சியில். மரைன் ஹில்லில் வாடகைக்கு வீடு எடுத்து, கடையும் நானுமாக வாழ்க்கை நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, அவரைப் பெற்ற மாமாவும் மாமியும் மெயின்லேண்டிலிருந்து வருவதாக போன் வந்தது. என் கணவர் போனை வைத்துவிட்டு ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா பாக்க வரல. ஊர்ல எங்க கடையைப் பாத்துக்க ஆளில்லையாம். நம்மளக் கையோட கூட்டிட்டுப் போகத்தான் வர்றாங்க."

"நம்மளன்னா?"

"உன்னையும்தான்."

"நீங்க என்ன சொன்னீங்க, மச்சான்?"

"வாங்கன்னு சொன்னேன்."

(அவர் அப்படித்தான். வீடு தீப்பற்றி எரிந்தாலும் தீயைப் பார்த்து "வாங்க, உக்காருங்க" என்பார்.)

ஊரில் மாமா வீட்டில் மருமகள் கல்லாவில் உட்காரும் வழக்கம் கிடையாது. என் கடை, என் பஜார், என் பேச்சு எல்லாம் போய்விடும். யோசித்து ஒரு திட்டம் போட்டேன். மாமாவும் மாமியும் இந்தத் தீவில் சொக்கிப்போக வேண்டும். அதோடு, இவள் எவ்வளவு கெட்டிக்காரி, இவளை எப்படிச் சமையற்கட்டில் பூட்டுவது என்று அவர்களுக்கே தோன்ற வேண்டும்.

என் தம்பி யூசுஃப் அப்போது டூரிஸ்டுகளை ஏற்றிப்போகப் பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கி வைத்திருந்தான். உள்ளே படுக்கை, அடுப்பு, குட்டி டாய்லெட் எல்லாம் உண்டு. அந்த டாய்லெட்டில் பக்கத்தில் இருக்கும் கைப்பம்பை அடித்தால் எல்லாம் படகுக்குள்ளேயே ஒரு தொட்டிக்குப் போய்ச் சேரும். தூரக் கடலுக்குப் போனபிறகு தொட்டியைத் திறந்து காலி செய்வார்கள். ஹார்பருக்குள் திறக்கக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெட்டியில், அதாவது படகுத் துறையில், எல்லோரும் ஏறினோம். மாமா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தொப்பி. மாமி சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தார். வந்து இறங்கியதிலிருந்து மாமி என்னிடம் பேசியது "உப்பு கம்மி" என்பது மட்டும்தான். நார்த் பே பக்கமாகப் போய் நங்கூரம் போட்டோம். காற்று நன்றாக வீசியது, தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. மாமி தண்ணீருக்குள் மீனைப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்றார். பாதி ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாமாவுக்கு சர்க்கரை. அதனால் அடிக்கடி உள்ளே போய் வருவார். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ போனவர் திரும்பி வரவே இல்லை. பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. அப்புறம் உள்ளிருந்து மெல்லிசாக ஒரு குரல்: "யா அல்லாஹ்."

கதவைத் திறந்துகொண்டு மாமா வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் நிற்பவர் மாதிரி இரண்டு கையையும் விரித்தார்.

"நான் ஒண்ணும் செய்யல. கீழ போனது மேல வருது."

நான் எட்டிப் பார்த்தேன். வந்துகொண்டுதான் இருந்தது.

யூசுஃப் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "மழை சீசன் பூரா படகு சும்மா கிடந்துச்சு, லாத்தா. போன வாரம்தான் ஒரு குரூப் ஏறினாங்க."

"அவங்க போனதும் தொட்டியைக் காலி பண்ணுனியா?"

"இன்னிக்கு வெளிக்கடலுக்குப் போறப்ப பண்ணலாம்னு..."

சொல்லும்போதே குரல் தேய்ந்தது. மாமி மூக்கைத் துப்பட்டியால் மூடிக்கொண்டார். "ச்சோடோ லாத்தா," என்றான் யூசுஃப். "விடு, ஜெட்டிக்குப் போயிடலாம். அங்க ஹோஸ் இருக்கு, பாத்துக்கலாம்."

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் மாமாவும் மாமியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் கல்லாவில் உட்கார்ந்தது இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் என்று எனக்குத் தோன்றியது.

"இது ஒண்ணுமில்ல மாமா," என்று ஆரம்பித்தேன். "எந்தத் தொட்டியா இருந்தாலும் உள்ள ஒண்ணு போகணும்னா உள்ள இருக்கிற காத்து வெளிய போகணும். அதுக்குன்னு ஒரு சின்னக் குழாய் இருக்கும். அதை வெண்டுன்னு சொல்லுவோம். அது அடைச்சிருக்கு. காத்து போக வழியில்ல, அதான் உங்களத் திருப்பி அனுப்புது."

(கவனியுங்கள், நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் இதில் கொடுமை.)

மாமாவின் முகத்தில் லேசாக மரியாதை தெரிந்தது. "அந்தக் குழாய் எங்கம்மா இருக்கு?"

படகின் வெளிப்பக்கத்தில், தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, கட்டை விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. டிங்கியில், அதாவது பெரிய படகோடு கட்டியிருக்கும் குட்டி ரப்பர் படகில், இறங்கினால்தான் எட்டும். இறங்கினேன். மேலேயிருந்து ஹாரிஸ் டிங்கியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஓட்டைக்குள் பார்த்தேன். மண் பூசியது மாதிரி கெட்டியாக அடைத்திருந்தது. குளவிக்கூடு! படகு சும்மா கிடந்த மாதங்களில் குளவி உள்ளே குடும்பம் நடத்தியிருக்கிறது. கண்டுபிடித்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரு கம்பி குடு! மாமா, நீங்க உள்ள போய்ப் பம்பு அடிங்க. காத்து வருதான்னு நான் இங்க பாக்கிறேன். நான் போதும்னு சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க!"

"லாத்தா, அடிக்கச் சொல்லாதே..." என்று யூசுஃப் ஏதோ சொல்ல வந்தான்.

"நீ சும்மா இரு. கடையில நான் பாக்காத டேங்கா?"

தன்னால்தான் அடைத்தது என்ற எண்ணம் மாமாவுக்கு இன்னும் போகவில்லை. பாவ மன்னிப்புக் கேட்பவர் மாதிரி உள்ளே ஓடினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடிக்கத் தொடங்கினார். ஓங்கி ஓங்கி அடிக்கும் சத்தம் எனக்கு வெளியே வரை கேட்டது. நான் ஓட்டைக்கு நேராக முகத்தை வைத்து, கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தேன். கூடு உடைந்து மண் உதிர்ந்தது. "புஸ்" என்று காற்று வந்தது.

"வந்துடுச்சு!" என்று வாய் நிறையக் கத்தினேன்.

காற்றுக்குப் பின்னால் மீதியும் வந்தது.

அதை விவரிக்க மாட்டேன். போன வாரம் வந்த குரூப்பும் இன்று வந்த மாமாவும் ஒன்றாகக் கிளம்பி வந்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். "வந்துடுச்சு" என்று சொன்ன வாய் இன்னும் மூடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிர்ச்சியில் எனக்குக் கைகால் அசையவில்லை. மேலே மூன்று பேரும் சிலையாக நின்றார்கள். ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. மாமா அடித்துக்கொண்டே இருந்தார். அவர் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் எனக்கு இங்கே ஒரு முறை வந்தது.

"போதுமாம்மா?" என்று உள்ளிருந்து கேட்டார்.

நான்தானே போதும் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் அல்லவா சொல்வது?

"சரிம்மா, இன்னும் அடிக்கிறேன்!"

மாமி குனிந்து கீழே பார்த்து "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினார். பம்புச் சத்தத்தில் மாமாவுக்கு அது எப்படிக் கேட்டதோ, "நல்லாத்தான் குத்துறேன்!" என்று பதில் வந்தது. வேகம் கூடியது. அதே நேரம் என் கணவர், அதிர்ச்சியில்தான், இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த இரண்டு கையில்தான் என் கயிறு இருந்தது.

டிங்கி மிதக்கத் தொடங்கியது. துடுப்பு மேலே பெரிய படகில் இருந்தது. பவளப்பாறை பார்க்க டூரிஸ்டுகளை ஏற்றிய ஒரு கண்ணாடி அடிப் படகு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அதன் டிரைவர் நல்ல மனுஷன். "க்யா ஹுவா, பெஹன்?" என்று, என்னாச்சு தங்கச்சி என இந்தியில் கேட்டபடி என்னைக் காப்பாற்றக் கிட்டே வந்தார். காற்று அவர் பக்கம் வீசியது. முகம் மாறியது. "பீச்சே! பீச்சே!" என்று கத்தி, தன் படகைப் பின்னால் எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். டூரிஸ்டுகள் எல்லாரும் செல்போனைத் தூக்கினார்கள்.

அதற்கு மேல் தாங்கவில்லை. கடலில் குதித்தேன்.

"ஜமீலா! முதலை!" என்று அலறினார் ஹாரிஸ். (இந்தப் பக்கம் கடலில் முதலை உண்டு. போர்டே வைத்திருக்கிறார்கள்.)

அப்போதுதான் மாமி அதட்டினார். வந்த நாளிலிருந்து அவரிடம் அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை.

"முதலைக்கு மூக்கு இல்லையாடா? அது கிட்ட வராது. நீ தள்ளு!"

மகனை ஒதுக்கிவிட்டு, போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியை உருவி, அதன் ஒரு நுனியை என் பக்கம் வீசினார். "புடி, மவளே!" எட்டி நீந்திப் பிடித்தேன். யூசுஃபும் மாமியும் சேர்ந்து இழுத்தார்கள். ஏணியில் ஏறி வந்த என்னை உட்காரவைத்து, குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் திறந்து என் தலையில் ஊற்றினார் மாமி. பாத்திரம் கழுவும் சோப்பை எடுத்து அவர் கையாலேயே தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகையா சோப்பா என்று எனக்கே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமா வேர்த்து விறுவிறுத்து மேலே வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"சரியாயிடுச்சும்மா! இப்ப பம்பு பூ மாதிரி போகுது!"

என்னைப் பார்த்தார். மாமி கையில் சோப்பைப் பார்த்தார். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த துப்பட்டியைப் பார்த்தார். படகின் பக்கவாட்டில் வழிந்திருந்ததையும் எட்டிப் பார்த்தார். எல்லாம் புரிந்ததும், மெதுவாகத் திரும்பிப் படியிறங்கி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜெட்டி வரும் வரை வெளியே வரவில்லை.

ஜெட்டியிலிருந்து நேரே ஆஸ்பத்திரி. டாக்டர் "என்னாச்சு?" என்று கேட்டார். யூசுஃப் சொன்னான். நர்ஸ் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்து ஊசி போட்டாள். அதற்கப்புறம் அவர்கள் எங்கள் வீட்டில் இருந்த நாளெல்லாம் மாமா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் சோறு வைத்தால் தட்டைப் பார்ப்பார். தேநீர் கொடுத்தால் சுவரைப் பார்ப்பார். எதற்காக வந்தாரோ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஏர்போர்ட்டில்தான் மகனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாராம்: "நீங்க இங்கயே இருங்கப்பா. கடைக்கு ஆள் போட்டுக்கறேன். அந்தப் புள்ளைக்கு எதிர்ல உக்காந்து தினமும் நான் எப்படிச் சாப்பிடுவேன்?"

ஆகவே இன்றைக்கும் நான் அபர்தீன் பஜாரில்தான், என் கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கெட்டிக்காரத்தனத்தால் இங்கே நிலைத்தேன் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். வீட்டில் சொல்ல முடியாது.

இப்போது மாமாவுக்கும் கூச்சம் விட்டுப்போயிற்று. கீழக்கரையில் எந்தக் கல்யாண வீட்டில் பந்தி முடிந்து நாலு பேர் உட்கார்ந்தாலும் இந்தக் கதை வந்துவிடும். அது வந்ததும் மாமாவுக்கும் மாமிக்கும் வழக்கு ஆரம்பமாகும். "குத்துங்கன்னுதானே நீ கத்தினே?" என்பார் மாமா. "நிறுத்துங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன்" என்பார் மாமி. ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடும். யூசுஃப் ஒரு பக்கம், என் கணவர் ("எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல") இன்னொரு பக்கம். ஊரில் இல்லாவிட்டால் போன் போட்டாவது எல்லாரையும் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். வாயில் வாங்கின என்னை மட்டும் இதுவரை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை.